யார் வகுக்கும் பாடத்திட்டம்?

"மேடம், இதுல எதை எடுத்தா அஞ்சு மணி பஸ்ஸைப் பிடிக்கலாம்?"

கேட்டவள் முதலாண்டு மாணவி. வடகரைப் பக்கம் ஒரு சிற்றூர். செங்கோட்டை வந்து பஸ் மாறிப் போக வேண்டும். கையில் நான்-மேஜர் எலெக்டிவ் எடுப்பதற்கான படிவம். ஜூலை மாதம், வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. குற்றாலத்தில் சீசன் வந்துவிட்டால் இந்தப் பக்கத்து டவுன் பஸ்களில் நிற்கவும் இடமிருக்காது. நான் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசையிலிருந்த ஆசிரியையும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அந்தப் பஸ்ஸை விட்டால் வீட்டுக்குப் போகும்போது இருட்டிவிடும். இருட்டினால் அண்ணன் கேட்பான். இரண்டு முறை கேட்டவன் மூன்றாம் முறை, "படிச்சது போதும்" என்பான். இதையெல்லாம் அவள் எனக்குச் சொல்லவில்லை. செங்கோட்டையிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் படித்தவள் நான். சொல்லாமலே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்புக்குள் என்ன இருந்தது என்று யோசித்ததில் எழுந்தது இந்தக் கட்டுரை. இளங்கலை மாணவிகளுக்குப் பாடம் தேர்ந்தெடுக்க வழிகாட்டுகிறோம் என்ற பெயரில் கல்லூரிகள் செய்வதை ஒரு பிரதியாக எடுத்து வாசித்துப் பார்க்க விரும்புகிறேன். இலக்கியம் படித்தவளுக்குத் தெரிந்த வேலை அது. இந்த வட்டாரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் வேலை பார்த்திருக்கிறேன். நான் சொல்பவை எந்த ஒரு கல்லூரிக்கும் மட்டும் உரியவை அல்ல.

தேர்வு என்ற ஒரு சொல்

தமிழில் 'தேர்வு' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று பரீட்சை, மற்றது தெரிந்தெடுத்தல். நம் மாணவிகள் பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் முதல் பொருளில் மட்டுமே அந்தச் சொல்லைப் பழகிவிட்டு வருகிறார்கள். கல்லூரிக்கு வந்த முதல் மாதத்தில் ஒரு படிவத்தைக் கொடுத்து இரண்டாம் பொருளில் அதைச் செய்யச் சொல்கிறோம்.

நமது கலை அறிவியல் கல்லூரிகளில் இளங்கலைப் பட்டம் ஆறு பருவங்கள், சுமார் 140 கிரெடிட்டுகள். பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று முதன்மைப் பாடமும் சார்புப் பாடங்களும் எலெக்டிவ்களும், பகுதி நான்கில் திறன் பாடங்கள், நான்-மேஜர் எலெக்டிவ், சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி போன்றவை, பகுதி ஐந்தில் என்.எஸ்.எஸ். போன்ற விரிவாக்கப் பணிகள். 2008ஐ ஒட்டித் தமிழ்நாட்டில் பரவிய சி.பி.சி.எஸ். முறையின் பெயரிலேயே விருப்பம் இருக்கிறது. விருப்பத் தெரிவு அடிப்படையிலான கிரெடிட் முறை என்றுதான் அதை மொழிபெயர்க்கிறோம்.

விருப்பம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். முதன்மைப் பாடத்தைச் சேர்க்கைப் பட்டியலில் எஞ்சியிருக்கும் இடமும் கட்டணமும் தீர்மானிக்கின்றன. சார்புப் பாடம் துறையோடு சேர்ந்தே வருகிறது. பாடத்திட்டப் புத்தகத்தில் எலெக்டிவ் என்ற தலைப்பின்கீழ் மூன்று பாடங்கள் அச்சாகியிருக்கும். நடத்த ஆள் இருப்பது ஒன்றுக்கு. அந்த ஒன்றையே வகுப்பு முழுவதும் "விரும்பி" எடுத்ததாகக் கையெழுத்துப் போடும். இதைத் துறைத் தலைவர்களின் சூழ்ச்சி என்று சொல்ல மாட்டேன். நிரந்தரப் பணியிடங்கள் நிரப்பப்படாமல், மே மாதச் சம்பளம் இல்லாத கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓடும் துறையில் மூன்று எலெக்டிவ் நடத்துவது எப்படி? ஆனால் இல்லாத ஒன்றை இருப்பதாக எழுதி, அதில் ஒரு பெண்ணின் கையெழுத்தை வாங்குகிறோம். தன் விருப்பம் என்று அடுத்தவர் எழுதிவைத்ததில் கையெழுத்திடுவது அவளுக்குப் புதிதல்ல என்பதால் அவளும் கேட்பதில்லை.

உலகில் இந்த ஆலோசகர் என்ற பதவி எப்படி வந்தது என்பதையும் பார்க்கலாம். 1869இல் ஹார்வர்டின் தலைவரான சார்லஸ் எலியட், எல்லோருக்கும் ஒரே பாடம் என்ற பழைய ஏற்பாட்டைத் தளர்த்தி விருப்பப் பாட முறையை விரிவாக்கினார். பாடங்கள் பெருகப் பெருக, எதை எடுப்பது, எந்த வரிசையில் எடுப்பது என்று உடனிருந்து சொல்ல ஆள் தேவைப்பட்டது. அங்கே தெரிவு முதலில் வந்தது, அதற்குத் துணையாக ஆலோசகர் வந்தார். அந்த எலியட்டின் ஹார்வர்டு பெண்களைச் சேர்க்கவில்லை என்பதையும் நாம் மறக்க வேண்டியதில்லை. அவர்களுக்கான ராட்கிளிஃப் கல்லூரி 1894இல்தான் அந்தப் பெயரில் அங்கீகாரம் பெற்றது. நமக்கோ தெரிவு என்ற சொல் வந்தது. தெரிவும் முழுதாக வரவில்லை, துணையும் வரவில்லை.

மென்டர் நோட்டை வாசித்தல்

துணைக்கென்று வந்தது ஒரு நோட்டு. நாக் குழுவின் மதிப்பீட்டில் வழிகாட்டும் ஆசிரியர் ஒருவருக்கு எத்தனை மாணவர்கள் என்ற விகிதம் கேட்கப்படுகிறது. எனவே எல்லாக் கல்லூரிகளிலும் மென்டர் என்றும் மென்டீ என்றும் பிரித்து ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். ஒரு பழைய நோட்டை அண்மையில் எடுத்துப் படித்தேன். என் கையெழுத்தில் உள்ள நோட்டுதான்.

பெயர். தந்தை பெயர். தந்தையின் தொழில். ரத்த வகை. விடுதியா, வீட்டிலிருந்து வருபவரா. வருகைப் பதிவு. இன்டர்னல் மதிப்பெண். அரியர் இருக்கிறதா. 'கவனிக்கப்பட்டவை' என்று ஒரு கட்டம். மாணவி கையொப்பம், மென்டர் கையொப்பம்.

தாயின் தொழிலுக்கு அதில் இடமில்லை. தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளை நடத்துவது தாயும் மகள்களும் சுளகை மடியில் வைத்துச் சுற்றும் பீடி. மாலையில் அந்தப் பெண் வீட்டுக்குப் போய் என்ன செய்கிறாள் என்பதற்கும் இடமில்லை. என்ன ஆக விரும்புகிறாள் என்ற கேள்வி இல்லவே இல்லை.

'கவனிக்கப்பட்டவை' கட்டத்தில் நான் எழுதியிருந்தவை இவை: "தொடர்ந்து வருமாறு அறிவுறுத்தப்பட்டது." "நன்கு படிக்குமாறு அறிவுறுத்தப்பட்டது." "கைப்பேசியைக் குறைக்குமாறு அறிவுறுத்தப்பட்டது." முப்பது பேருக்கும் ஏறக்குறைய இதே வாக்கியங்கள். எல்லாம் செயப்பாட்டு வினை. அறிவுறுத்தியவள் அதில் இல்லை, அறிவுறுத்தப்பட்டவளும் ஏறக்குறைய இல்லை. அவள் என்னிடம் சொன்ன ஒரு வார்த்தையும் அந்தப் பக்கங்களில் பதிவாகவில்லை. ஒழுக்கத்தைக் கண்காணிக்கும் ஆவணத்துக்கு வழிகாட்டல் என்று பெயர் வைத்திருக்கிறோம். பெண் கல்லூரிகளில் இது இன்னும் எளிதாக நடக்கிறது. வீடு பெண்ணைப் பார்க்கும் பார்வை அந்தக் கட்டங்களில் அப்படியே அமர்ந்துகொள்கிறது.

அதே நோட்டில் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டேன். அந்த மாணவி கவர்ச்சியான பெயருள்ள ஓர் அறிவியல் பட்டப்படிப்பில் இருந்தாள். பழைய முதன்மைப் பாடம் ஒன்றின் பெயரோடு முன்னொட்டு ஒன்று சேர்த்த படிப்பு. இரண்டாம் ஆண்டில் என்னிடம் வந்து, "மேடம், இதைப் படிச்சா கவர்ன்மென்ட் ஸ்கூல்ல டீச்சர் ஆகலாமா?" என்று கேட்டாள். "நீ நல்லாப் படி, எல்லாம் தானா வரும்" என்றேன். நோட்டில் வழக்கமான வாக்கியத்தை எழுதினேன். முதுகலை முடித்து, பி.எட். முடித்து, ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பைப் பார்த்தபோதுதான் தன் பட்டம் அந்த முதன்மைப் பாடத்துக்கு இணையாகக் கருதப்படவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

எந்தப் பட்டம் எந்தப் பட்டத்துக்கு இணை என்பதை உயர்கல்வி மன்றத்தின் இணைத்தன்மைக் குழு ஆராய்கிறது, அரசு ஆணையாக வெளியிடுகிறது. பெயரில் ஒரு சொல் கூடினாலும் அந்தக் கேள்வி எழும். அவை எல்லோரும் படிக்கக்கூடிய ஆணைகள்தான். நான் படித்ததில்லை. தமிழாசிரியை அதை ஏன் படிக்க வேண்டும் என்று அன்று நினைத்திருப்பேன். அவள் ஐந்தாறு ஆண்டுகளையும் தன் அம்மாவின் சுளகில் சேர்ந்த பணத்தையும் என் ஒரு வாக்கியத்தின் மேல் வைத்தாள். "தானா வரும்" என்பது ஆறுதல் மாதிரி ஒலிக்கும். கேள்வியிலிருந்து நான் தப்பித்துக்கொண்ட வழி அது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணி நியமனத்தில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020இல் செய்த திருத்தத்துக்குப் பின், பட்டப்படிப்பைத் தகுதியாகக் கொண்ட பணிக்கு அந்த முன்னுரிமை வேண்டுமென்றால் பள்ளிப் படிப்பும் தமிழ்வழியிலேயே இருந்திருக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த பெண்ணிடம் அந்தத் தகுதி கையிலேயே இருக்கிறது. இங்கிலீஷ் மீடியம்தான் கௌரவம் என்று கல்லூரியில் மாறும்போது பட்டம் தேவைப்படும் பணிகளில் அதை இழக்கிறாள். மாறக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். தனியார் வேலைக்கும் மேற்படிப்புக்கும் ஆங்கிலவழி உதவலாம். இழப்பது இன்னது, பெறுவது இன்னது என்று சேர்க்கை மேசையில் யாராவது அவளிடம் சொன்னார்களா என்பதுதான் என் கேள்வி.

அரசு வகுத்த திட்டம்

வீடும் கல்லூரியும் மட்டும் பெண்ணின் பாடத்திட்டத்தை வகுப்பதில்லை. 1989இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய திருமண உதவித் திட்டத்துக்கு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயர். தேவதாசி முறையை எதிர்த்து ஊர் ஊராகப் போய்ப் போராடியவர், 1936இல் 'தாசிகள் மோசவலை' நாவலை எழுதியவர். பின்னாளில் அந்தத் திட்டத்தில் பட்டம் பெற்ற பெண்ணுக்கு 50,000 ரூபாயும் தாலிக்குத் தங்கமும் கிடைத்தன. பெண்களைப் படிப்பில் நிறுத்திவைக்க அது உதவியது, மறுக்க முடியாது. ஆனால் அது தந்த கால அட்டவணை என்ன? பட்டம் முடி, தாலி கட்டு. எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் ஆறாவது பருவத் தேர்வுக்கும் முகூர்த்தத்துக்கும் இடையில் ஒரு மாதம்தான் இருந்தது. மூன்றாண்டுப் படிப்பு கல்யாணச் செலவுக் கணக்கின் ஒரு வரியாகிவிட்டது.

2022இல் அந்தத் திட்டம் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. புதுமைப் பெண் என்ற பெயரில், அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் அவர்களுடைய வங்கிக் கணக்கிலேயே வந்தது. இராமாமிர்தம் அம்மையாரின் பெயர் கடைசியில் அதற்குப் பொருத்தமான இடத்துக்கு வந்து சேர்ந்தது என்று நான் மகிழ்ந்தேன். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இந்த இரண்டும் சேர்ந்து செங்கோட்டை வட்டாரத்துப் பெண்களுக்குச் செய்திருப்பதை எந்த மென்டர் நோட்டும் செய்ததில்லை. ஒரு நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க அப்பாவிடம் கேட்க வேண்டியதில்லை என்பது சின்ன விஷயமில்லை.

2021-22 கணக்கின்படி இந்தியாவில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நூற்றுக்கு 28.4, தமிழ்நாட்டில் 47. உள்ளே வந்துவிட்டோம் என்பதை அந்த எண் சொல்கிறது. வந்தபின் எதைப் படித்தோம், ஏன் படித்தோம் என்பது அதில் தெரியாது. அதே ஆண்டில் வந்த நான் முதல்வன் திட்டம் வேலைத்திறன் பாடங்களைக் கல்லூரிக்குள் கொண்டுவந்தது. அங்கேயும் எந்தத் திறன் எந்த மாணவிக்கு என்ற உரையாடல் நடக்காவிட்டால், இன்னொரு பட்டியலும் இன்னொரு கையெழுத்தும்தான் மிஞ்சும்.

குறத்தியும் ஆவுடை அக்காளும்

பெண்ணுக்குப் பெண் வழிசொல்லும் மரபு இந்த மண்ணுக்குப் புதிதா? திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியைப் பகுதி ஒன்று தமிழில் நடத்துகிறோம். வசந்தவல்லி பந்தடிக்கும் இடத்தைப் பத்து மதிப்பெண்ணுக்குக் கேட்கிறோம். எனக்கு இப்போது குறத்திதான் முக்கியமாகப் படுகிறாள். பல ஊர் சுற்றியவள், தன் அறிவை விற்றுச் சம்பாதித்தவள், தன் மலையைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசுபவள். அவள் குறி சொல்லுமுன் கையைப் பிடித்துப் பார்க்கிறாள், முகத்தைப் பார்க்கிறாள். நாம் வருகைப் பதிவேட்டைப் பார்க்கிறோம். ஆனால் அந்தக் குறத்தி சொல்லும் குறி எங்கே போய் முடிகிறது? உன் மனத்தில் இருப்பவன் வருவான் என்பதில். பெண்ணின் எதிர்காலம் என்றால் வரப்போகும் ஆண் என்ற அந்தக் குறியைத்தான் பி.ஏ. வகுப்புகளிலும் வேறு சொற்களில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அலைந்து சம்பாதிக்கும் குறத்தியின் வாழ்க்கையை ஒரு பெண்ணுக்கான எதிர்காலமாக நாம் நடத்தியதே இல்லை.

செங்கோட்டைக்காரியாக ஆவுடை அக்காளையும் நினைக்கிறேன். 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்பார்கள். சிறு வயதிலேயே கைம்பெண்ணாக்கப்பட்டவர், திருவிசைநல்லூர் ஸ்ரீதர ஐயாவாளிடம் உபதேசம் பெற்றவர், குற்றால மலைக்குப் போய்த் திரும்பாதவர் என்பது வழிவழிக் கதை. வேதாந்தத்தைக் கும்மியாகவும் பள்ளாகவும் பாடினார். அந்தப் பாடல்களை வீட்டுப் பெண்கள், அதிலும் கைம்பெண்கள், வாய்வழியாகக் காப்பாற்றினார்கள். பிற்பாடுதான் அவை திரட்டப்பட்டு அச்சேறின. படிக்கவே கூடாது என்று விலக்கப்பட்டவர்களுக்கு இன்னொரு விலக்கப்பட்டவள் தயாரித்துக் கொடுத்த பாடத்திட்டம் அது. அவர்களின் நேரத்துக்கும் வேலைக்கும் ஏற்ற வடிவத்தில் இருந்ததால்தான் நின்றது.

இதைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. அந்தப் பாடல்கள் புழங்கியது பெரும்பாலும் பிராமண வீடுகளுக்குள். வயலில் நாற்று நட்டவளுக்கோ, இன்று பீடி சுற்றுபவளின் கொள்ளுப்பாட்டிக்கோ அந்தத் திண்ணையில் இடம் இருந்திருக்காது. அந்த இடத்தைப் பொதுவாக்கியது 1964இல் குற்றாலத்தில் வந்த ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி போன்ற நிறுவனங்களும் அரசுப் பேருந்தும் உதவித்தொகையும்தான். நாம் காப்பாற்ற வேண்டிய இடம் இது. பக்கத்து மேடையில் நடப்பதையும் கவனிக்கிறேன். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கமாயிருந்த செங்கோட்டைக்காரிகளுக்கு ஆரியங்காவுக்கு அப்பால் இருப்பது அயலூர் இல்லை. கேரளத்தில் 2024 முதல் நான்காண்டு இளங்கலை. இங்கே மூன்றாண்டு. உறவுக்காரப் பெண்கள் இருவர், மலைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, வேறு வேறு கணக்கில் படிக்கிறார்கள். மேற்படிப்புக்கு எல்லை தாண்டும்போது எது எதற்குச் செல்லும் என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

கேட்க வேண்டியவை

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு: சேரும்போதே பாடத்திட்டப் புத்தகத்தை முழுதாக, ஆறு பருவத்துக்கும் கேட்டு வாங்குங்கள். என் பட்டத்தின் சரியான பெயர் என்ன, அது எதற்கு இணை, அதற்கான ஆணை எங்கே என்று கேளுங்கள். எலெக்டிவ் பட்டியலில் இருப்பவற்றில் எவை உண்மையில் நடக்கும் என்று கேளுங்கள். நீங்கள் விரும்பும் வேலையின் அறிவிப்பு ஒன்றை எடுத்து, தகுதி என்ற பகுதியை முதலாண்டிலேயே படியுங்கள். இரண்டு வருடம் முன்னால் இதே படிப்பை முடித்த அக்கா ஒருத்தியைத் தேடிப் பிடியுங்கள். அவளுக்குத் தெரிந்த அளவு எங்களுக்குத் தெரியாது.

ஆசிரியைகளுக்கு: தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, இரண்டு நாளில் கேட்டுச் சொல்கிறேன் என்போம். நோட்டில் அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதுவோம். அம்மாவை அழைத்துப் பேசுவோம், அரியர் விழுந்த பிறகு புகார் சொல்ல அல்ல, முதல் பருவத்திலேயே.

நான் எப்படித் தமிழுக்கு வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தாவரவியல் படிக்க ஆசைப்பட்டேன். குற்றாலத்து மூலிகைக் கடைகளின் முன்னால் நின்று பெயர் கேட்டு வளர்ந்தவள். விண்ணப்பத்தை நிரப்பியவர் அப்பாவின் நண்பர். "லேப்புன்னா சாயங்காலம் ஆயிரும். பொம்பளப் பிள்ளைக்குத் தமிழ் போதும், டீச்சர் ஆயிரலாம்" என்று டிக் அடித்தார். தமிழ் என்னைக் கைவிடவில்லை, கவிதையும் வந்தது. அதனால் அது என் தெரிவாகிவிடாது. என் பாடத்திட்டத்தையும் ஒரு சாயங்காலம்தான் வகுத்தது.

அதனால்தான் அந்த மாணவி போனபின் சிரிப்பு உறுத்தியது. மறுநாள் அவளைக் கூப்பிட்டு, "பஸ் பிரச்சினையே இல்லேன்னா எதை எடுப்பே?" என்று கேட்டேன். கொஞ்சநேரம் பேசாமல் நின்றாள். "காமர்ஸ் டிபார்ட்மென்ட்ல கணக்கு எழுதுறது இருக்குல்ல மேடம், அது. பீடிக்கடையில எங்கம்மா கணக்குல எப்பவும் கழிக்கிறாங்க. எவ்ளோ கழிக்கிறாங்கன்னு அம்மாவுக்குச் சொல்லத் தெரியல, எனக்கும் தெரியல."

அந்தப் பாடம் கடைசி மணிநேரத்தில் இருந்தது. அந்த ஆண்டு அதை மாற்ற முடியவில்லை. அவள் வேறொன்றை எடுத்தாள், பஸ்ஸைப் பிடித்தாள். அடுத்த ஆண்டு துறைக் கூட்டத்தில் மூன்று முறை பேசி, நான்-மேஜர் எலெக்டிவ் எல்லாவற்றையும் மதியத்துக்கு முன் கொண்டுவந்தோம். இப்போது முதல் வாரத்தில் என் மாணவிகளிடம் இரண்டு கேள்வி கேட்கிறேன். கடைசி பஸ் எத்தனை மணிக்கு? அந்த பஸ் இல்லையென்றால் என்ன படிப்பாய்? இரண்டு பதில்களையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்கிறேன்.